சுவர் போனாலும் சித்திரம்!

'சுவர் இருந்தால்தான் சித்திரம்!' - இந்தப் பழமொழியை நம்மில் பாதிப் பேர் முதன்முதலாகக் கேட்டது, காய்ச்சலில் படுத்து எழுந்து, 'கஞ்சி வேண்டாம்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட நேரத்தில்தான் இருக்கும். உடம்பு என்கிற சுவரைப் பார்த்துக்கொள் என்று அம்மாக்கள் காலங்காலமாக அடித்து வரும் டயலாக்!

செட்டிநாட்டுப் பக்கம் போய், ஒரு பழைய வீட்டுக்கு எதிரே கலர் பென்சில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். பழமொழிக்கு வேறு அர்த்தம் கிடைக்கும். அங்கே சுவரேதான் சித்திரம். மழையும் வெயிலும் பகல் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று மாற்றி மாற்றி உழைத்து, எண்பது தொண்ணூறு வருஷமாக வரைந்துகொண்டிருக்கும் சித்திரம். எந்த பெயின்ட் கம்பெனி அட்டையிலும் இல்லாத நிறங்கள் எல்லாம் அதில் இருக்கும்.

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்த ஊரில் இறங்கினாலும் சரி... தெருவுக்குத் தெரு 'என்னை வரை, என்னை வரை' என்று வீடுகள் கூப்பிடும். கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். ரிட்டயர் ஆனவர்கள் வருகிறார்கள். மடக்கு நாற்காலியைப் போட்டு, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மதியச் சாப்பாடு மறந்து போகிறது.

அப்படி என்னதான் இருக்கிறது இடிந்த சுவரில்? அதை வரைய ஏன் கலர் பென்சில்? வாருங்கள், பார்ப்போம்!

ஸ்கூல் பையன் சமாசாரமா?

'கலர் பென்சிலா? அது எல்.கே.ஜி. பசங்க மாம்பழத்துக்கு மஞ்சள் அடிக்கிறதுக்கு இல்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஜெர்மனியின் ஃபேபர் காஸ்டெல் கம்பெனி ஓவியர்களுக்கென்றே 'பாலிக்ரோமோஸ்' என்ற கலர் பென்சிலைக் கொண்டுவந்தது 1908-ல்! நூறு வருஷத்தைத் தாண்டியும் அது விற்பனையில் இருக்கிறது. அமெரிக்காவில் கலர் பென்சில் ஓவியர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கமே வைத்திருக்கிறார்கள். ஆரம்பித்தது 1990-ல்.

சாதாரண பென்சிலுக்கும் கலர் பென்சிலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். சாதாரண பென்சிலின் உள்ளே இருக்கும் குச்சி, கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சூளையில் சுட்டது. கலர் பென்சிலின் குச்சியை அப்படிச் சுட முடியாது. நிறப்பொடியை மெழுகு அல்லது எண்ணெயோடு பிசைந்து செய்தது அது. சூளையில் வைத்தால் மெழுகுவத்தி கதிதான்! (அதனால்தான் மெழுகு பென்சில் டப்பாவை மே மாத மத்தியானம் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது.)

இந்த மெழுகுக் குணம்தான் நமக்கு வேண்டியது. வாட்டர் கலரில் ஒரே ஓட்டத்தில் வானம் முழுக்கத் தீட்டிவிடலாம். கலர் பென்சிலில் அந்தக் கதையே கிடையாது. ஒரு பூச்சு... அதன் மேல் இன்னொரு பூச்சு... அதன் மேல் இன்னொன்று... மெல்ல மெல்லத்தான் நிறம் ஏறும். உள்ளங்கை அகலச் சுவருக்கே ஒரு மணி நேரம் ஆகும். ஒரு ஏ4 தாளை முழுசாக முடிக்க இருபது மணி நேரம் சர்வ சாதாரணம்.

'ஐயையோ!' என்கிறீர்களா? பழைய சுவரும் அப்படித்தானே உருவாகியிருக்கிறது! செங்கல் மேல் சுண்ணாம்புக் காரை, காரை மேல் மெழுகுப் பூச்சு, அதன் மேல் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளை, அதன் மேல் பாசி, புகை, தூசி... சுவரும் பூச்சு மேல் பூச்சு, படமும் பூச்சு மேல் பூச்சு. சம்பந்தி வீட்டார் மாதிரி இரண்டுக்கும் பொருத்தம் அமைந்துவிடுகிறது.

முட்டையும் தேக்கும் ரங்கூனும்

படம் வரைவதற்கு முன்னால், இந்தச் சுவர்களின் ஜாதகத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரைக்கும் நகரத்தார் கட்டிய வீடுகள் இவை. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்து சம்பாதித்த பணம், வீடாக வந்து இறங்கியது. பர்மாவிலிருந்து தேக்கு. இத்தாலியிலிருந்து சலவைக்கல். பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி. தரைக்கு, பக்கத்து ஆத்தங்குடியிலேயே கையால் செய்த பூக்கல். முகப்பில் யானைகள் நீரூற்றும் லட்சுமி. சில வீடுகளில் அவளுக்குப் பக்கத்திலேயே துப்பாக்கியோடு நிற்கும் வெள்ளைக்கார சிப்பாய்! சுதையில் யாருக்கும் பேதம் பார்க்கவில்லை.

சுவர்ப் பூச்சு இன்னும் விசேஷம். சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, வெண்ணெய் மாதிரி அரைத்து, முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். இன்றைக்கும் சில வீடுகளில் அந்தத் தூணில் உங்கள் முகம் மங்கலாகத் தெரியும். கன்னத்தை வைத்தால் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கும்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. தொழிலையும் சொத்தையும் விட்டுவிட்டுப் பலர் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. வியாபாரங்கள் அரசுடைமை ஆயின. மிச்சம் மீதியும் போச்சு. அடுத்த தலைமுறை படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, கோவை, வெளிநாடு என்று கிளம்பிவிட்டது.

வீடு? அது அங்கேயே நின்றது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைப்புறம் என்று நீண்டு கிடக்கும் வீட்டுக்குப் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பூட்டு. கல்யாணம், சாந்தி என்றால் எல்லாப் பூட்டும் திறக்கும். மற்ற நாளெல்லாம் ஓட்டை மாற்றுவது யார் செலவு என்பது ஆண்டாண்டு காலமாகப் பேசி முடியாத விஷயம்!

இப்போது நீங்கள் வரைய உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்பு வழிசலுக்குப் பின்னால் இத்தனை சரித்திரம் இருக்கிறது.

அழுக்குக்கும் ஒரு கணக்கு உண்டு

புதிதாக வரைகிறவர்களைக் கவனித்தால் தெரியும். 'பழைய சுவர்தானே' என்று பழுப்பும் கறுப்புமாகக் கண்டபடி கிறுக்குவார்கள். பழைய சுவராக வராது. டீ கொட்டிய சுவராகத்தான் வரும்!

சுவர் தன்னிஷ்டத்துக்கு அழுக்காவதில்லை. ஒவ்வொரு கறைக்கும் காரணம் உண்டு. காரணம் பிடிபட்டால் கை தானாக வரும்.

மேலேயிருந்து பாருங்கள். கைப்பிடிச் சுவருக்குக் கீழே, தூம்புக்குப் பக்கத்தில் கறுப்பாக விழுது விழுதாக இறங்குகிறதே, அது மழைத் தண்ணீர் போன வழி. ஈரம் தங்கிய இடத்தில் பாசி வளர்ந்து, வெயிலில் காய்ந்து கறுத்துப் போயிருக்கிறது. மேலே அடர்த்தியாகவும், கீழே வர வர மெலிந்தும் இருக்கும். வெயில் அதிகம் படாத பக்கத்தில் கறுப்பு கூடுதல்.

அடிப்பக்கம் இடுப்பு உயரத்துக்கு உதிர்ந்து கிடக்கும். அது மேலேயிருந்து வந்த தண்ணீர் அல்ல. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறிய ஈரம். ஈரம் காய்ந்துபோகும், அதிலிருந்த உப்பு மட்டும் உள்ளே படிந்து, பூச்சை நெட்டித் தள்ளிவிடும். ஆகவே உதிர்ந்த இடத்தின் ஓரத்தில் வெளேர் என்று ஒரு கோடு தெரியும். அந்த வெள்ளை ஓரத்தை விட்டால் படமே உயிரில்லாமல் போய்விடும்.

ஜன்னல் கம்பிக்குக் கீழே செம்பழுப்பு நிறத்தில் கண்ணீர் வடிந்த மாதிரி இருந்தால், அது துரு. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி சுற்றியிருக்கும் காரையைப் பிளக்கும். எனவே விரிசல் கம்பி முனையிலிருந்துதான் புறப்படும். நட்ட நடுச்சுவரில் சும்மா ஒரு விரிசல் போட்டீர்களானால், ஊர்க் கொத்தனார் பார்த்துச் சிரிப்பார்.

உதிர்ந்த இடங்களில் உற்றுப் பார்த்தால் படிப்படியாக நிறம் தெரியும். மேலே வெள்ளை. அதற்குள்ளே லேசான நீலம் - சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த வருஷம். அதற்கும் உள்ளே காவி அல்லது மஞ்சள். அந்தந்தக் காலத்துக் கல்யாணங்களின் கணக்குப் புத்தகம்!

நடுவே சிமென்ட் ஒட்டுப் போட்ட இடம் இருக்கும். பட்டுப் புடவையில் கோணித் துணி ஒட்டுப் போட்டது போல் சாம்பல் நிறத்தில் தட்டையாக உட்கார்ந்திருக்கும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமென்ட் அதன் மூக்கைப் பிடிக்கும். உள்ளே சிக்கிய ஈரம் பக்கத்துச் சுண்ணாம்பைத் தின்னும். ஒட்டைச் சுற்றிலும் புதிதாக உதிர்ந்திருப்பதைக் கவனித்து வரையுங்கள். சுவர் ரிப்பேரைப் பற்றி ஒரு இன்ஜினீயருக்குத் தெரிந்ததில் பாதி உங்களுக்கும் தெரிந்துவிடும்!

ஆறப் போட்டு வரைய வேண்டும்

சரி, உட்கார்ந்தாயிற்று. எப்படித் தொடங்குவது?

வந்ததும் முதல் இருபது நிமிஷத்துக்குள் நிழல்கள் எங்கே விழுகின்றன என்று சாதாரண பென்சிலால் மெல்லிசாகக் குறித்துவிட வேண்டும். சூரியன் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டான். காலை எட்டு மணி நிழலையும் பதினொரு மணி நிழலையும் ஒரே படத்தில் போட்டால், வீட்டுக்கு இரண்டு சூரியன் வந்துவிடும்.

கோடு போடும்போது உங்கள் கண் மட்டம் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மேலே இருக்கிற கார்னிஸ் கோடுகள் தூரம் போகப் போக இறங்கும். கண்ணுக்குக் கீழே இருக்கிற திண்ணைக் கோடுகள் ஏறும். செட்டிநாட்டு வீட்டு வாசலில் நின்றால் கதவுக்குப் பின் கதவு, அதற்குப் பின் கதவு என்று கொல்லைப்புறம் வரைக்கும் நேராகத் தெரியும். வளவில் வெயில், அடுத்த நடையில் இருட்டு, அதற்கடுத்த கட்டில் மறுபடி வெயில்... இந்த மாறி மாறி வரும் வெளிச்சம்தான் படத்துக்கு ஆழம் கொடுக்கும்.

இனி நிறம். பென்சிலை நுனியில் அழுத்திப் பிடிக்காமல் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடியுங்கள். முதல் பூச்சு, தாளைத் தடவிக் கொடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். சுவர் முழுக்க மஞ்சள் காவி, அதன் மேல் இளஞ்சாம்பல், அதன் மேல் அங்கங்கே இளம் பழுப்பு. எடுத்த எடுப்பிலேயே அழுத்தினால் தாளின் சொரசொரப்பு மெழுகால் அடைபட்டுவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் அடுத்த நிறம் ஏறாது.

'பழைய சுவர் என்றால் கறுப்பு நிறையத் தேவைப்படுமே?' என்றால்... இல்லை! பாசிக் கறுப்புக்குக் கரும்பச்சையும் கரும்பழுப்பும் சேர்ந்தால் போதும். நிழலுக்குக் கருநீலமும் பழுப்பும். கறுப்புப் பென்சிலை மட்டும் நேரே தேய்த்தால், சுவரில் ஓட்டை போட்ட மாதிரி இருக்கும்.

வெள்ளைக்கு வெள்ளைப் பென்சிலை நம்ப வேண்டாம். தாளின் வெள்ளைதான் வெள்ளை. அதை முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். மெல்லிய வெள்ளைக் கோடு வேண்டுமானால் ஒரு தந்திரம். மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் தாளில் அழுத்திக் கோடு போட்டுவிட்டு, அதன் மேல் கலர் பென்சிலைப் படுக்கவைத்து ஓட்டுங்கள். பள்ளத்துக்குள் நிறம் இறங்காது. சிலந்திக் கூடு, ஜன்னல் கம்பியின் ஓரம், உதிர்ந்த பூச்சின் விளிம்பு எல்லாம் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். வீட்டில் எழுதாத பேனாவைச் சேர்த்துவைத்திருக்கும் மகானுபாவர்களுக்கு இதோ ஒரு விமோசனம்!

தேக்குக் கதவுக்கு மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே பென்சிலும் ஓட வேண்டும். சொரசொரச் சுவருக்குத் தாளின் புள்ளிகளை அப்படியே விட்டுவிடலாம். பாதி வேலையைத் தாளே செய்துவிடும்.

முட்டைப் பூச்சுத் தூணுக்கு மட்டும் வேறு வைத்தியம். நிறங்களை ஏற்றிய பிறகு, வெள்ளை அல்லது இளமஞ்சள் பென்சிலால் நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும். புள்ளிகள் மறைந்து, நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்து, தாள் பளபளக்கும். கொத்தனார் கல்லால் தேய்த்து மெருகேற்றினார். நீங்கள் பென்சிலால் தேய்க்கிறீர்கள். தோள்பட்டை வலியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்!

சாவகாசமாகச் செய்ய வேண்டிய வேலை இது. ஸ்தலத்தில் உட்கார்ந்து கோடும் முக்கியமான நிறங்களும் போட்டுக்கொள்ள வேண்டியது. 'தூணுக்கு இடது பக்கம் நீலம் கலந்த சாம்பல்' என்று ஓரத்தில் குறிப்பும் எழுதிக்கொள்ள வேண்டியது. துணைக்கு இரண்டு ஃபோட்டோவும் எடுத்துக்கொள்ளலாம். மீதியை வீட்டில் ஆற அமர முடிக்கலாம்.

'அது எங்க ஒழுகுற இடம், தம்பி!'

தெருவில் உட்கார்ந்து வரைகிறவருக்கு இலவச இணைப்பாகக் கிடைப்பது, வேடிக்கை பார்ப்பவர்கள்!

"சார், வீடு விலைக்கு வருதா?"

"முனிசிபாலிட்டியா? அளக்க வந்தீங்களா?"

"சினிமாவுக்கு செட்டா? ஹீரோ யாரு?"

மூன்று பேரிடம் 'இல்லீங்க' என்று சொல்லி முடிப்பதற்குள், ஸ்கூல் விட்டு வந்த பையன் ஒருவன் பென்சில் டப்பாவையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தால், ஐந்தே நிமிஷத்தில் அதே வீட்டை வரைந்து, கூரைக்கு மேலே தேசியக் கொடியும் பறக்கவிட்டுக் கொடுப்பான்.

ஆனால், உண்மையான விமர்சகர் இவர்கள் யாருமில்லை. உள்ளேயிருந்து மெல்ல நடந்து வரும் ஆச்சிதான்!

ஒரு முகப்பில், சுதை லட்சுமிக்குக் கீழே பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிற இடத்தை ரசித்து ரசித்து வரைந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏன் தம்பி, இம்புட்டு நல்ல பக்கம் இருக்கே... உதிர்ந்து கிடக்கிறதையே ஏன் பாத்துப் பாத்து வரையிறீக?"

"இதுதான் ஆச்சி அழகா இருக்கு. எத்தனை நிறம் பாருங்க!"

ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார்.

"அது எங்க ஒழுகுற இடம், தம்பி. மழை பேஞ்சா அதுக்கு அந்தப் பக்கம் ரெண்டு வாளி வைக்கணும். மேல ஓடு மாத்தணும்னு நாலு வருசமாச் சொல்றோம். பங்காளி ஒருத்தர் சரிங்கிறாக, ஒருத்தர் லெட்டருக்குப் பதிலே போடல..."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவரே சொன்னார்: "எங்க மாமனார் காலத்துல அந்தத் தூணுல மொகம் பாத்து விபூதி பூசுவாக. அதையும் போடுங்க. ஒழுகுறதை மட்டும் போட்டா, ஊர்ல பாக்குறவுக என்ன நினைப்பாக?"

பழைய கட்டடம் வரைகிற ஒவ்வொருவரும் மனசில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி அது. நமக்கு நிறமாகத் தெரிவது, உள்ளே குடியிருப்பவருக்கு ஒழுகல். நாம் 'ஆகா' என்கிற விரிசல், அவர் ராத்திரி தூங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிற விரிசல். அவர் வீட்டுக் கஷ்டத்தை மட்டும் பிரேம் போட்டு நம் ஹாலில் மாட்டிக்கொண்டால், அது என்ன நியாயம்?

அதற்காக உதிர்ந்ததை மறைத்து, வெள்ளையடித்து வரையவும் வேண்டாம். அதுவும் பொய்தான். உதிர்ந்த செங்கல்லும் இருக்கட்டும். பக்கத்திலேயே, இன்றைக்கும் முகம் தெரிகிற தூணும் இருக்கட்டும். கேபிள் டி.வி. ஒயர், கொடியில் காயும் துண்டு, ஜன்னலில் தெரியும் தண்ணீர்க் குடம்... இவற்றையும் 'அசிங்கம்' என்று ஒதுக்காதீர்கள். அங்கே ஆள் இருக்கிறார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

அனுமதி கேட்டுவிட்டு உட்காருங்கள். கிளம்பும்போது படத்தைக் காட்டுங்கள். முடித்த பிறகு ஒரு நகல் எடுத்து அனுப்பி வையுங்கள். அந்த வீட்டில் பிறந்து எங்கோ இருக்கும் பேரனுக்கு அது போய்ச் சேர்ந்தால், ஓடு மாற்றுகிற பேச்சு ஒருவேளை மறுபடி தொடங்கலாம். சித்திரத்தால் சுவர் பிழைத்தது என்றால் பழமொழிக்கே பெருமைதானே!

இருக்கும்போதே வரையுங்கள்!

அவசரம் இருக்கிறது. காரைக்குடியில் பழைய சாமான் கடைத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கதவு, நிலை, தூண், பீங்கான் ஜாடி, எனாமல் பாத்திரம், சாமி படம் என்று குவிந்து கிடக்கும். ஒவ்வொரு நிலைக் கதவும் ஏதோ ஒரு வீட்டு வாசலில் நின்றதுதான். நட்சத்திர ஹோட்டல்காரர் ஆசையாக வாங்கிப் போவார். கதவு பிழைத்துக்கொள்ளும். வீடு?

2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. பெருமைதான். ஆனால், பட்டியல் மழையைத் தடுக்காது.

அதே 2014 நவம்பரில், புதுச்சேரிக் கடற்கரையில் 1871-லிருந்து நின்றுகொண்டிருந்த 'மேரி' கட்டடம் - பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி மாளிகை - மழையில் பொலபொலவென்று சரிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால், நூற்று நாற்பது வருஷத்துக் கடற்காற்று அந்தச் சுவரில் வரைந்து வைத்திருந்த நிறங்களை எந்தக் கான்ட்ராக்டரால் திரும்பக் கொண்டுவர முடியும்? அதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்து வரைந்தவர்களின் நோட்டில் இருந்தால்தான் உண்டு.

சென்னை அண்ணா சாலையில் 1897-ல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கி, விவகாரம் கோர்ட்டுக்குப் போய் நின்றது. அந்தக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தபடி பஸ்ஸில் போனவர்கள் லட்சக்கணக்கானவர்கள். உட்கார்ந்து வரைந்தவர்கள் எத்தனை பேர்?

வரைந்து வைத்தவர்களின் அருமையை நாம் அறிவோம். கோயில் கோயிலாக உட்கார்ந்து சிற்பங்களையும் கோபுரங்களையும் கோட்டில் கொண்டுவந்து 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று விகடன் வாசகர்களுக்குக் கொடுத்த சில்பியை மறக்க முடியுமா? மதுரையையும் சென்னையின் பழைய கட்டடங்களையும் பேனா மையில் நுணுக்கமாகத் தீட்டியவர் மனோகர் தேவதாஸ். கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டே போகும் நோய் அவருக்கு. பார்வை போகப் போக, பார்த்ததை எல்லாம் இன்னும் கூர்மையாக வரைந்தார். 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2022 டிசம்பரில் காலமானார். கண் முழுசாக இருக்கிற நாம், தாத்தா வீட்டு வாசலை ஒருமுறையாவது பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருக்கிறோமா?

'கையில்தான் கேமரா இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. ஒரு நிமிஷத்தில் நாற்பது ஃபோட்டோ எடுத்து, நாற்பதையும் அப்புறம் பார்க்காமல் இருக்கலாம். ஆனால், கலர் பென்சிலில் இருபது மணி நேரம் ஒரு சுவரோடு உட்கார்ந்தவருக்கு, அந்தச் சுவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடும். எந்தத் தூம்பு அடைத்திருக்கிறது, எந்த மூலையில் அரசங்கன்று முளைக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கன்றை இன்றைக்கே பிடுங்கினால் ஒரு நிமிஷ வேலை. பத்து வருஷம் விட்டால் சுவரே இரண்டாகும். அதை வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்வாரே... எந்த கேமரா சொல்லும்?

புதிதாகத் தொடங்குவோருக்கு...

* 12 கலர் டப்பாவே போதும். தனியாக வாங்குவதானால் மஞ்சள் காவி, செங்காவி, கரும்பழுப்பு, இளஞ்சாம்பல், கருநீலம், கரும்பச்சை, வெள்ளை - இந்த ஏழில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே கட்டிவிடலாம்.

* தாள் கொஞ்சம் கனமாகவும், லேசான சொரசொரப்போடும் இருக்க வேண்டும். வழவழ ஆர்ட் பேப்பரில் நிறம் ஏறாது.

* முனை எப்போதும் கூராக இருக்கட்டும். பென்சிலைக் கீழே போடாதீர்கள். மேலே மரம் நன்றாக இருந்தாலும், உள்ளே குச்சி துண்டு துண்டாகிவிடும். சீவச் சீவ முனை விழுந்துகொண்டே இருக்கும்.

* கலர் பென்சில் முழுசாக அழியாது. பிசைந்து உருட்டக்கூடிய ரப்பரால் ஒத்தி ஒத்தி எடுத்தால் நிறம் குறையும்.

* அடர்த்தியாகப் பூசிய இடத்தில் சில நாள் கழித்து வெள்ளையாகப் பூத்தால் பயப்படாதீர்கள். மெழுகு மேலே வந்திருக்கிறது. மெத்தென்ற துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும்.

* நேர் வெயில் படுகிற இடத்தில் படத்தை மாட்டாதீர்கள். விலை குறைந்த பென்சில்களில் ரோஸும் ஊதாவும் சீக்கிரம் வெளுக்கும். சுவர் வெளுத்தால் அழகு. சுவரின் படம் வெளுத்தால் நஷ்டம்!

* படத்தின் பின்னால் ஊர், தெரு, தேதி, எந்தத் திசையிலிருந்து பார்த்தது என்று எழுதுங்கள். இன்றைக்கு அது வெறும் குறிப்பு. முப்பது வருஷம் கழித்து அதுதான் ஆவணம்.

செட்டிநாடு தூரம் என்றால் கவலையே வேண்டாம். தஞ்சாவூரில் ஒரு சந்து, கும்பகோணத்தில் ஒரு திண்ணை, திருவல்லிக்கேணியில் ஒரு மாடம், உங்கள் தெருக்கோடியில் ஓடு சரிந்த ஒரு டீக்கடை... எல்லாமே பொருத்தம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு டப்பாவோடு கிளம்புங்கள். வீட்டில் 'எங்கே இந்த நேரத்துல?' என்று கேட்டால், 'சுவரைப் பார்க்கப் போறேன்' என்று சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது சூடாகக் கஞ்சி கொடுப்பார்கள். மறுக்காமல் குடித்துவிடுங்கள். சித்திரக்காரருக்கும் சுவர் முக்கியம்!